ரோல் காலில் நீ சொன்னது

அப்பா,

இன்று காலை கம்பெனியின் முதலுதவி அறையில் டிஞ்சர் நெடி மூக்கைத் துளைத்தது. என் லைனில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண்ணுக்குத் தகடு பட்டு விரல் கிழிந்துவிட்டது. நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, மறு கையில் போனைப் பிடித்தபடி, "நல்லா இருக்கேம்மா, சாப்ட்டாச்சு, ஒரு குறையும் இல்ல" என்று ஊரிலிருக்கும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "சொன்னா பயந்துருவாங்கக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் வீடே பல வருடம் இந்த ஒரு பேச்சில்தானே ஓடியது.

நீ பட்டாளத்தில் இருந்தவரை நம் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எல்லையில் நிற்கிற மனுஷனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது. அம்மா போட்ட சட்டம். இங்கே மழையில் பின்சுவர் விழுந்து கிடக்கும். போனில் நீ கேட்டால், "எல்லாம் நல்லா கீறோம்" என்பாள். நீயும் லேசுப்பட்ட ஆளில்லை. பனியில் கால் விரல் மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு, "சோறு நல்லா போடறாங்க" என்றாய். அது உன் சிநேகிதர் சொல்லிப் பின்னால்தான் எங்களுக்குத் தெரியும். நீ லீவில் வந்தால் வீட்டில் சண்டை கிடையாது, அழுகை கிடையாது. தெருவில் மற்ற பெண்கள் அவரவர் அப்பாவை வா, போ என்றார்கள். நான் உன்னை வாங்க, போங்க என்றேன்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தாய். கம்பெனிகளுக்காக எடுத்துக்கொண்ட நம் கழனி இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான். தினமும் வீட்டுக்கு வந்தாய். ஆனாலும் சட்டம் மாறவில்லை. நீ உள்ளே நுழைந்தால் நாங்கள் பேச்சை மாற்றுவோம். பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அம்மாவின் முட்டி வலிக்காகப் பட்டாளத்துக் குடும்பங்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அந்தச் சட்டம் உடைந்தது. நானும் கூட வந்திருந்தேன். இதற்கு முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். "கர்ப்பப்பை எடுத்தாச்சி" என்று அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். நீ திரும்பிப் பார்த்து, "எப்போ?" என்றாய். நீ அசாமில் இருந்தபோது நடந்தது அது. அந்தத் தடவை நீ லீவில் வந்ததும், தையல் இழுக்க இழுக்க நின்றுதான் உனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். நீயும் ருசித்துச் சாப்பிட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்றாய்.

"நான் இன்னா வூட்டுக்கு வந்த விருந்தாளியா?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? துப்பாக்கிய கீழ போட்டுட்டு ஓடியாந்திருப்பியா?"

"வந்திருக்க முடியாது. ஆனா தெரிஞ்சாவது இருந்திருக்கும்ல."

அம்மா அன்றுதான் உன் எதிரில் அழுதாள்.

மறுநாளே உத்தரவு போட்டுவிட்டாய். பட்டாளத்தில் சாயங்காலம் எல்லாரையும் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்களாம், ரோல் கால். நம் வீட்டிலும் இனி டீ நேரத்தில் ரோல் கால். ஆளுக்கொரு கஷ்டத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். "நல்ல சேதி எங்கயும் போவாது. கெட்டத மொதல்ல சொல்லுங்க" என்பாய்.

"தோசை மாவு புளிச்சிப்போச்சி சார்" என்று அம்மா விறைப்பாக நின்று கிண்டலடிப்பாள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியதை நான் சொன்னேன். நீ ஒன்றையும் தீர்த்துவைத்ததில்லை. ம் போட்டுக்கொண்டே கேட்பாய். சொல்லி முடித்தால் எனக்கு நெஞ்சு லேசாகிவிடும். உன்னை வா, போ என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தேனோ தெரியாது. அந்தச் சாயங்காலங்களில்தான் எப்போதோ.

உன் முறை வந்தால் மட்டும் "ஆல் ஓகே" என்று முடித்துவிடுவாய். "ஆமா, இவருக்கு மட்டும் வானத்துலேர்ந்து பூவா கொட்டுது" என்று அம்மா நொடிப்பாள். நீ சிரித்துக்கொண்டே டம்ளர்களை அலம்பப் போய்விடுவாய். நெஞ்சுவலியும் இப்படித்தான், கேட்டில் மயங்கி விழும்வரை ஆல் ஓகே. அதை நினைத்தால் இன்றைக்கும் உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

உன் நெஞ்சு ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் வார்டிலேயே ரோல் கால் நடந்தது. அம்மா முட்டி வலி என்றாள். கம்பெனியில் லீவு தர மூக்கால் அழுகிறார்கள் என்றேன் நான். உன் பதில்தான் தெரியுமே என்று பிளாஸ்கை மூட ஆரம்பித்தேன்.

"பயமா கீது" என்றாய்.

ஒன்றும் ஆகாது என்று அம்மா சொல்லவில்லை. கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குந்தான்" என்றாள். வெளியே போகச் சொல்லும்வரை மூவரும் அப்படியே இருந்தோம்.

நீ வீடு திரும்பவில்லை. சாவுக்கு உன்னோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் வந்தார்கள். மாலை போட்டு சல்யூட் அடித்தார்கள். அதில் ஒருவர் அம்மாவிடம், "பயம்னா இன்னான்னே தெரியாத மனுசன்மா" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அவர் நகர்ந்ததும் என் காதோரம் குனிந்து, "நம்மகிட்ட சொன்னாரு இல்ல?" என்றாள். அழுது வீங்கிய முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்கும் அதே பெருமைதான், அப்பா. இன்னும் அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.