அறுபத்தொன்றாம் எண் வில்லை

அன்பு மகள் செல்லத்துக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனா தானாகப் போகிறது, பழக்க தோஷம், இந்தத் தடவை அதை எழுதப் போவதில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மணி அடித்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், அவரை வைத்துக்கொண்டு சொல்லும் விஷயம் இல்லை இது. இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், துணைக்கு உன் மாமா. அவனிடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குப் போனோம் அல்லவா, பாசத்தை வாளி வாளியாகக் கொட்டி மூன்று தொட்டியை அழுக வைத்திருக்கிறான். பனியைப் பார்த்துவிட்டு வந்தால் பால்கனியில் வெள்ளம். சரி, அவர்கள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று நீ அனுப்பிவைத்த தென் துருவப் பயணத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. தொண்ணூறு பேர்தான் அந்தச் சின்னக் கப்பலில். முதல் இரண்டு நாள் கடல் எங்களைப் புரட்டி எடுத்தது, நான் அறையில் வாளியும் கையுமாகக் கிடந்தேன், அப்பா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலை ஜன்னல் முழுக்க வெள்ளை. பென்குவின்கள் அழகுதான், ஆனால் படத்தில் நாற்றம் வராது என்பதை யாரும் சொல்வதில்லை. பனியாறு என்றதும் ஓடும் என்று நினைத்திருந்தேன், அது கல் மாதிரி நிற்கிறது. நிற்கவில்லையாம், நம் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறதாம், விளிம்புக்கு வந்ததும் ஒரு துண்டு உடைந்து கடலில் விழுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்றரை வருஷமாக அப்பாவுக்கு மறதி. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மறதி இல்லை. போன கோடையில் கீழ்மாடி வீட்டுக் கதவில் நம் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டு, பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று அந்த டீச்சரம்மாவோடு சண்டைக்கு நின்றார். உன்னோடு பேசும்போது சொன்ன கதையையே மறுபடி ஆரம்பித்தால் நான் போனைப் பிடுங்கி, சிக்னல் சரியில்லை என்று சொல்வேனே, சிக்னல் எப்போதும் சரியாகத்தான் இருந்தது. நீ தூரத்தில் இருந்துகொண்டு கலங்குவாய் என்று மறைத்தேன். அது பாதிதான். அவரை யாரும் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்கிற வீம்பு மீதி.

கப்பலில் இறங்குகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கு ஒரு எண் போட்ட வில்லை, காசு மாதிரி வட்டத் தகடு, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. கரைக்குப் போகும்போது சிவப்பாகத் திருப்ப வேண்டும், திரும்பி வந்து வெள்ளையாக்க வேண்டும். எல்லாம் வெள்ளை என்றால் எல்லாரும் வந்தாயிற்று என்று கப்பல் கிளம்பும். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. முப்பத்தைந்து வருஷம் ஆலை வாசலில் டைம் கீப்பராக நின்றவர் அல்லவா, அங்கேயும் தொழிலாளி வேலைக்கு வந்ததற்கு அடையாளம் இதே போலப் பித்தளை வில்லைதான். ஒருவன் வில்லையை இன்னொருவன் தொட்டால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், சொந்தத் தம்பியையே அனுப்பியவர். பலகைக்குப் பக்கத்தில் நின்று பயணத் தலைவியிடம், "இதுதாம்மா சரியான முறை, ஆளு பொய் சொன்னாலும் வில்லை பொய் சொல்லாது" என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தார். அவருடையது அறுபத்தொன்று, என்னுடையது அறுபத்திரண்டு.

ஆனால் முதல் இரண்டு தடவையும் திரும்பி வந்து வில்லையைத் திருப்ப மறந்துவிட்டார். ஒலிபெருக்கியில் அறுபத்தொன்று, அறுபத்தொன்று என்று கூப்பிட்டார்கள், சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது, அவர் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு என் வில்லையைத் திருப்பும்போதே அவருடையதையும் நானே திருப்பிவிடுவேன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது போல, அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

ஏழாம் நாள் பனியாற்றுக்கு எதிரே ஒரு கற்கரையில் இறக்கினார்கள். எனக்குக் கால் மரத்துப்போனது, முதல் ரப்பர் படகிலேயே கிளம்பினேன். அப்பா, "இன்னொரு துண்டு உடையறத பாத்துட்டு வரேன், நீ போ" என்றார். கூட்டத்தோடுதானே இருக்கிறார் என்று விட்டுவிட்டு வந்தேன். கப்பலில் ஏறியதும் கை தன் பாட்டுக்கு இரண்டு வில்லையையும் வெள்ளையாக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன் செல்லம், செய்தது எனக்கே தெரியாது. காலுறையைக் காயப்போட்டுவிட்டுப் படுத்தேன், கண் அசந்துவிட்டது.

எஞ்சின் அதிர்வில் விழித்தேன். அவர் படுக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. மேலே கண்ணாடி அறையில் இருப்பார் என்று போனேன், இல்லை, சாப்பாட்டு அறையில் இல்லை, வெளித்தளத்தில் இல்லை. பலகையைப் போய்ப் பார்த்தேன், அறுபத்தொன்று வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் என் கை செய்த காரியம் எனக்கு நினைவு வந்தது. காலுறை இல்லாத காலோடு கேப்டன் அறைக்கு ஓடினேன், கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

கப்பல் திரும்பிப் போய்ச் சேர ஐம்பது நிமிஷம். பனி தூவிக்கொண்டிருந்தது. காற்றுக்கு ஒதுங்கி ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம், அதனால்தான் கடைசிப் படகுக்காரர் கண்ணில் படவில்லை, பலகையும் எல்லாரும் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டது. ஒரு கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். தொப்பியில் பனி ஏறியிருந்தது. தூக்க வந்தவர்களிடம், "என் ஆளு இன்னும் வரல, அவ வந்ததும் போலாம்" என்றிருக்கிறார். என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பிப் போனதே அவருக்கு நினைவில்லை.

மறுநாள் விசாரணை. தலைவி, கேப்டன், டாக்டர் மூன்று பேரும் உட்கார்ந்து வில்லையைத் திருப்பியது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னைப் பார்த்தார். பல மாதமாகப் பார்க்காத தெளிவு அந்தப் பார்வையில். "நான்தான் திருப்பினேன். படம் எடுக்கணும்னு மறுபடி படகுல ஏறிட்டேன். தப்பு என்னோடது" என்றார். ஆயுசில் ஒரு பொய் வில்லையை விடாத மனிதர். நான் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதையே எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு எங்களைக் கரையில் இறக்கவில்லை, திமிங்கலம், கடல்நாய் எல்லாம் ஜன்னல் வழியாகத்தான். உனக்கு அனுப்பிய படங்களெல்லாம் அதற்கு முன்னால் எடுத்தவை.

அப்பாவுக்கு இடது கையில் இரண்டு விரலுக்கு இன்னும் உணர்வு வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இப்போது நடப்பதுதான் என்னைக் கொல்கிறது. தான் சொன்னது பொய் என்பதை அப்பா மறந்துவிட்டார், சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது. தினமும் காலையில் அந்த மரத்த விரலைத் தேய்த்துக்கொண்டு, "நானே வில்லையைத் தப்பாத் திருப்பிட்டேனே, எம்புத்தி அவ்ளோதான்" என்று கண் கலங்குகிறார். உலகத்தில் எல்லாம் மறந்துபோகிறது, இது மட்டும் போக மாட்டேன் என்கிறது. நீங்கள் இல்லை, நான்தான் திருப்பினேன் என்று தினமும் சொல்கிறேன். நம்பவில்லை. "நீ எனக்காக எப்பவும் பூசி மெழுகறவதானே" என்று என் கன்னத்தைத் தட்டுகிறார். அதுவும் உண்மைதானே.

அடுத்த வாரம் மூளை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். எதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன், நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா. முதுகு வலி என்றாயே, நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்காதே, எழுந்து நட. குழந்தைக்கு முன்பல் விழுந்த படத்தை அப்பா முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார், அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, வில்லையைத் திருப்பியது அம்மாதான், அம்மாவே எனக்குக் கைப்பட எழுதியிருக்கிறாள் என்று அவரிடம் சொல். நீ சொன்னால் நம்புவார். அடுத்த ஞாயிறும் சொல். ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டியிருக்கும்.

இத்தனை வருஷமாகக் கடிதத்தின் அடியில் அம்மா, அப்பா என்று இரண்டு பேரையும் நானே எழுதிவந்தேன். இனி அவருக்காக நான் போட மாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், முடி வெட்டிக்கொண்டு வந்ததும் பேனாவைக் கையில் கொடுப்பேன். அவர் எழுதினால் இருக்கும், இல்லாவிட்டால் வெறுமையாகவே வரும்.

இப்படிக்கு,
அம்மா