வெள்ளிக்கிழமை மட்டும் ஓடாத பிரிண்டர்

ஐப்பசி, வெள்ளி இரவு.

மூணு வாரமாக என் மகள் கவிதாவின் லேப்டாப்பைத்தான் எல்லோரும் குறை சொன்னோம். நம் கடலை மண்டிக்குப் பிரிண்டர் ஒன்றுதான். அது கணக்குப்பிள்ளை சின்னையாவின் பழைய கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறது. கவிதாவின் லேப்டாப் வேறு ரகம். அவள் போடும் பில்லும் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரவேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, லாரி கிளம்பும் நேரம் மட்டும் வராது. மெக்கானிக் மதியம் வந்து பார்த்தால் ஜோராக ஓடும்.

“பாப்பா கொண்டாந்த ரகம் நம்ம பிரிண்டரோட ஒத்துப்போகாதுங்க” என்றார் சின்னையா. நானும் தலையாட்டினேன். “அப்ப நான் திருச்சிக்கே வேலைக்குப் போறேம்ப்பா” என்று நேற்று சொல்லிவிட்டாள் கவிதா.

இன்றைக்குப் பதினொரு மணிக்கு நானே போய் நின்றேன். சின்னையா கையால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டர் இருட்டாகக் கிடக்கிறது.

“ஏண்ணே, இன்னும் பொட்டியப் போடலையா?”

“ராகு காலத்துல எப்படிங்க போடுறது? பன்னெண்டு ஆகட்டுங்க.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. “வெள்ளிக்கிழமை மட்டும் பத்து மணிக்கே வந்து போட்டுருங்க. அதுக்கப்புறம் அதுபாட்டுக்கு ஓடட்டும்” என்றேன்.

“அது தப்பில்லீங்க” என்று உடனே ஒத்துக்கொண்டார். பிரிண்டர் தொல்லை அதோடு தீர்ந்தது.

கவிதாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. சாப்பிடும்போது எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், நான் லாரிக் கணக்கைப் பேசிவிட்டு எழுந்துவிட்டேன். தப்பு என்னுடையது, நீ போகவேண்டாம் என்று சொல்லவேண்டும். நாளை சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.