ரோஹானாவின் லீவு ஃபாரம்

செப்டம்பர் 8, திங்கள்

புனிதாவுக்கு ஆஸ்பத்திரி மேட்ரன் பதவி கொடுத்துவிட்டார்கள். எனக்கில்லை. எழுதிவிட்டேன், போதும்.

செப்டம்பர் 9

போதவில்லை.

பத்தொன்பது வருடமாகப் பிரசவ வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டராக இருக்கிறேன். அவளுக்கு நரம்பு பார்த்து ஊசி ஏற்றக் கற்றுக்கொடுத்தவளே நான். நேற்று எல்லார் முன்னாலும், "அக்கா, நீங்கதான் எனக்குப் பக்கபலமா இருக்கணும்லா" என்கிறாள். சிரித்துவைத்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

இன்டர்வியூவில் நிர்வாகி சுகுமாறன் என்னிடம் கேட்டார்: "வேலை நேரம் கூடும், வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?" நான், "கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். அதே கேள்விக்கு அவள், "ஆம்பள நர்ஸ்கிட்டயும் இதக் கேப்பீங்களா சார்?" என்றாளாம். நடுவில் இருந்த டைரக்டர் அம்மா சிரித்துவிட்டாராம். சுகுமாறன் முகம் செத்துப்போனதாம். ஸ்டாஃப் நர்ஸ் கிளாரிஸ் நடித்தே காட்டினாள்.

அந்தப் பதில் எனக்கு ஏன் வரவில்லை? அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவரிடம் சம்மதமா என்று கேட்டதற்கு, "இதெல்லாம் எங்கிட்ட ஏன் கேக்கற?" என்று டிவியைப் பார்த்தபடி சொன்னார்.

செப்டம்பர் 22

இனி ரோஸ்டர் நான் போட வேண்டாமாம். எந்த நாள் எந்த ஷிப்ட் என்று நர்ஸுகளே கூடிப் பேசி எழுதிக்கொள்வார்களாம். "முடிவெடுக்கப் பழகட்டும்க்கா. எல்லாத்தையும் நீங்களே சுமக்கணுமா?" என்கிறாள் புனிதா.

சுமை என்று யார் சொன்னது? "சிஸ்டர், சனிக்கிழமை தம்பி கல்யாணம், கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று எத்தனை பேர் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். இன்று டீ மட்டும்தான் வந்தது.

இவர் சுவா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். சொன்னேன். "ஆளுங்களே வேலய பிரிச்சிக்கிட்டா அப்பறம் மண்டோர் எதுக்கு?" என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

அக்டோபர் 3

ரோஸ்டர் குழம்பும், என்னிடம் ஓடி வருவார்கள் என்று காத்திருந்தேன். குழம்பவில்லை.

டாக்டர்களிடம் வாயே திறக்காத கிளாரிஸ் இன்று போனில், "டாக்டர், இந்தம்மாவுக்கு பிரஷர் ஏறுது, இப்பவே வந்து பாருங்க" என்றாள். டாக்டரும் வந்தார். இத்தனை நாள் எல்லாருக்காகவும் நானே பேசி இவர்கள் வாயை அடைத்துவைத்திருந்தேனா? சே, அப்படியெல்லாம் இல்லை.

அக்டோபர் 14

வருகிற திங்கள் தீபாவளி. நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் வேலை பார்ப்போம், தீபாவளிக்கு மலாய்க்காரப் பிள்ளைகள் பார்ப்பார்கள். எப்போதும் அப்படித்தான். மத்தியான ஷிப்டுக்கு அவர்களில் ரோஹானா பெயர் எழுதியிருந்தாள். இன்று கண் கலங்கி வந்தாள். கிளந்தானில் அம்மாவுக்கு அந்த வாரமே ஆப்பரேஷன். லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். மேட்ரனிடம் நானே கொடுக்கிறேன், நீ கிளம்பு என்றேன்.

கொடுக்கவில்லை. இழுப்பறையில் இருக்கிறது. நாளைக்குக் கொடுத்தால் போகிறது.

அக்டோபர் 17

இன்றும் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாமா? உனக்கு நீயே பொய் எழுதுவாயா குமுதவல்லி?

அக்டோபர் 20, தீபாவளி

மத்தியானத்திலிருந்து போன் கையில்தான். "சிஸ்டர், நீங்க வந்தாத்தான் ஆவும்" என்று கூப்பிடுவார்கள், புதுச் சேலையோடு போய் இறங்குவேன்... என்ன கனவெல்லாம் கண்டேன்! யாரும் கூப்பிடவில்லை.

நாலரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம். மந்தின் ஊரில் தன் வீடு நிறைய விருந்தாளிகளை விட்டுவிட்டுப் புனிதா வார்டுக்கு வந்து யூனிஃபார்ம் போட்டிருக்கிறாள். மருதாணிக் கையில் பிறந்த குழந்தை. சுற்றிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். என்னோடு அப்படி ஒரு படமாவது எடுத்திருக்கிறார்களா?

கீழே கிளாரிஸ் எழுதியிருந்தாள். ரோஹானா இடத்துக்கு மேட்ரன் வந்து சேரும்வரை நாற்பது நிமிடம் ஆள் குறைவு. அதற்குள் ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு. இரண்டு பேர் வேலையைக் கிளாரிஸ் ஒருத்தியாகப் பார்த்திருக்கிறாள். தாய் பிழைத்துவிட்டாள்.

பிழைக்காமல் போயிருந்தால்— ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

அக்டோபர் 23

சுகுமாறன் கூப்பிட்டார். "பொம்பளைங்க கூடி ரோஸ்டர் போட்டா இப்படித்தான். நீங்க சீனியர், ரெண்டு வரி எழுதிக் குடுங்க. புனிதாவ தூக்கிட்டு ஆபிஸ்லேர்ந்து ஒரு ஆம்பளய மேல போடுவோம். உங்களுக்கும் பாத்து செய்யலாம்லா."

பேனாவை நீட்டினார். ஆசை வந்தது. மறைப்பானேன், நிறையவே வந்தது. ஆனால் 'வீட்டுக்காரர் சம்மதிப்பாரா' என்று கேட்ட அதே முகம். அதற்குப் பணிந்து பதில் சொன்ன அதே நான். வயிறெரிந்தது, இந்த முறை புனிதாவை நினைத்து அல்ல.

இரண்டு வரிதான் எழுதினேன். ரோஹானாவின் லீவு ஃபாரம் என்னிடம் வந்தது. வேண்டுமென்றே மறைத்தேன்.

"புத்தி கெட்டுப்போச்சா சிஸ்டர்?" என்றார்.

"டைரக்டர் அம்மாவுக்கும் இதுல ஒரு காப்பி குடுத்துடறேன் சார்."

அக்டோபர் 24

புனிதா தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "ஏன்க்கா?"

"பொறாம" என்றேன்.

"அந்தம்மா செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் 3

எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு எனக்குச் சிஸ்டர் பொறுப்பு கிடையாது. வார்டு கிளாரிஸ் கையில். இந்த வார ஷிப்டுக்கு மற்றவர்களோடு நின்று என் பெயரை எழுதினேன்.

கடிதம் புனிதா எழுதியது. மூன்று தடவை படித்தேன். கோபத்தில் ஒரு சொல் இல்லை, இரக்கப்பட்டும் ஒரு சொல் இல்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் நான் ஒருத்திக்கும் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. ஒன்று கத்துவேன், இல்லை மூடி மறைப்பேன்.

அதற்கும் அவள்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.