பின்பக்கம் போட்ட பெருக்கல் குறி

அன்புள்ள சின்னவனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் உடம்பை இத்தனை அக்கறையாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது, போன செவ்வாய்க்கிழமை ஊரே எழுந்து நின்று உனக்கு அஞ்சலி செலுத்திவிட்டது. பதறாதே, முழுக்கப் படி. போரில் செத்த பிள்ளைகளுக்கான நினைவு நாளை இந்த வருஷம் ஜமாய்க்கப் போகிறோம், பெரியவன் படத்தைக் கொடுங்கள் என்று நகராட்சியில் கேட்டார்கள். ஜமாய்க்கிறார்களாம், கல்யாணம் பார். உன் அண்ணன் படமெடுக்க மூஞ்சி காட்டாதவன், உனக்கே தெரியும். இருந்தது ஒன்றுதான், அவன் கடைசி விடுப்பில் வந்தபோது ஒரே துணியில் நான் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றீர்களே, உன் தோள்மேல் அவன் கை. அதைக் கொடுத்தேன்.

விழா லட்சணத்தைக் கேள். நகராட்சித் தலைவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். போட்டிருந்த கறுப்புக் கோட்டு, போன மாதம்தான் நான் இடுப்பில் இரண்டு அங்குலம் விட்டுக் கொடுத்தது, அதற்குள் பித்தான் திணறுகிறது. தியாகம் தியாகம் என்று தொண்டை கிழியக் கத்தினார், ஒரு பிள்ளையின் பெயரையாவது தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரியவில்லை. முன்வரிசை முழுக்க விளம்பரம் கொடுத்த முதலாளிகள், பெற்றவர்களுக்குத் தூணுக்குப் பின்னால் இடம். திரையை விலக்கினார்கள், ஏழு படம், நாலாவது நீ. உன் தோளில் நாலு விரல், அவ்வளவுதான் பெரியவன். உடனே மௌனம் என்று எல்லோரையும் எழுப்பிவிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏங்க, சின்னவன் நல்லாத்தானே இருக்கான், நல்லாத்தானே இருக்கான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிட மௌனம் என்று பேர், பாதியிலேயே மைக்செட்காரன் ஹலோ ஹலோ என்றுவிட்டான். நான் மேடையேறிப் படத்தைக் கழற்றினேன். தலைவர் தோளைத் தட்டி, விடுங்க பெரியவரே, அண்ணன் தம்பி ஜாடை ஒண்ணுதானே, அடுத்த வருஷம் மாத்திக்கலாம் என்றார். தூ, வாய் கூசவில்லை பார்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், படத்தை வாங்கி வைத்த குமாஸ்தாவை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். அசல் படத்தையே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறான், கிராதகன். மீதிப் பாதி எங்கே என்றால், குப்பையோட போயிருக்கும் என்கிறான், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கடைசியில் சொன்னான், நீங்கதானே சார் வேண்டாததுக்குப் பின்னால பெருக்கல் குறி போட்டிருந்தீங்க என்று. போட்டது நான்தான். எடுத்துத் தைக்கவேண்டிய துண்டின் பின்பக்கம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு நாற்பது வருஷம் பழகிய கை, பெரியவன் நின்ற இடத்துக்குப் பின்னாலும் அதையே போட்டுவிட்டது. இவன்தான் என்று ஒரு வார்த்தை எழுதித் தொலைத்திருக்கலாம், மடக் கிழவன். அம்மாவிடம் இன்னும் குமாஸ்தாவைத்தான் திட்டுகிறேன், அவளும் சேர்ந்து திட்டுகிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் உளறிவிடாதே.

நீ கிளம்பும்போது அந்தப் படத்தில் ஒரு பிரதி பெட்டியில் வைத்ததாக அம்மா சொல்கிறாள். தேடிப் பார், அடித்துணிக்குக் கீழே பார். நூறு வயது இருந்து நன்றாக வாழ வேண்டும் நீ. கிடைத்தால் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு, உன்னையும் வெட்டாமல் அனுப்பு. பின்பக்கம் மட்டும் எதுவும் போடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அப்பா