கடைக்குள் இருக்கும் மாடிப்படி

பாசமுள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே உங்கள் மகன் சண்முகம் கடையைத் திறந்துவிட்டான். உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களைப் போலவே கனைக்கிறான்.

திருப்பூர்க் கடைவீதியில் அப்பா கட்டிய இந்தக் கட்டடத்தைப் பாகம் பிரித்த நாள் நினைவிருக்கிறதா? கீழே பனியன் கடை உங்களுக்கு, மேலே வீடு எனக்கு. தேக்கு உத்தரத்திலிருந்து முகப்பில் இருக்கும் சுதை மயில் வரைக்கும் பெரியவர்கள் பாகப் பத்திரத்தில் எழுதினார்கள். மாடிப்படி கடைக்குள் இருப்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. அதில் ஏறி வந்துதான் அத்தனை பேரும் விருந்து சாப்பிட்டார்கள்.

அப்புறம் என்ன? நீங்கள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு உங்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், நாங்கள் மாடியில் கைதிகள். மூலனூரிலிருந்து முருங்கைக்காய்க் கட்டோடு வந்த என் மாமனார் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காயைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டோம். அவரை இழுக்க முடியவில்லை. சாவகாசமாகத் திரும்பி வந்து, "ஏனுங்க மாமா, வெயில்ல உக்காந்திருக்கறீங்க?" என்று நீங்கள் கேட்டீர்களே, அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு சாவி கேட்டேன். "கடைச் சாவி ரண்டு பேர்த்துகிட்ட இருக்கப்படாது தம்பி" என்றீர்கள். "அப்படின்னா எம்பட ஊட்டு வாசப்படிய நீங்க தாண்டப்படாது" என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

நீங்கள் தாண்டவில்லை. தினமும் சாயங்காலம் கடைசிப் படி வரைக்கும் ஏறி வந்து அங்கேயே உட்கார்ந்தீர்கள். "படி என்னுதுதானுங்க அம்மிணி. காப்பி இருக்குதுங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டீர்கள். ஏழு வருடம். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது? வெறும் வறட்டுக் கௌரவம்.

நேற்று சண்முகம் ஏறி வந்தான்.

"சித்தப்பா, இந்தப் படியப் பிரிச்சா ரண்டு தையல் மிசின் போடலாமுங்க. உங்களுக்கு வெளிய தனிப்படி கட்டித் தாரனுங்க."

நான் இத்தனை நாளும் சண்டை போட்டுக் கேட்ட வழிதான். எனக்கு ஏனோ சந்தோஷமே வரவில்லை. உள்ளே வந்து பேசச் சொன்னேன். அவன் கடைசிப் படியிலேயே நின்றான்.

"இல்லீங்க. சித்தப்பா கூப்புடாம தாண்டக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கறாருங்க. அவரும் கூப்புடுவீங்கன்னுதான் தெனமும் வந்தாருங்க."

அண்ணா, நான் அழுதுவிட்டேன். அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, என் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டேன்.

படியை அவன் பிரித்துக்கொள்ளட்டும். எந்தப் பக்கம் படி வைத்தாலும், ஏறி வருகிறவரை இனி வாசலில் நிறுத்த மாட்டேன்.

கூப்பிடத் தெரியாத உங்கள் தம்பி