துளசி என்று எழுதிய பொட்டலம்

பிப்ரவரி 9

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்தால் சிரிப்பீர்கள் என்று தெரியும். பதினாறு வருஷமாக உங்களைக் கூப்பிட்ட பெயர் அதுதான், வேறு எதை எழுதுவது? நானும் மாடித் தொட்டிகளும் சௌக்கியம். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது, வந்த கடிதம் மூன்று. மூன்றிலும் வேலை நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, அறை நன்றாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கேட்டால் பேனா தேய்ந்துவிடுமா?

நம் மூலிகைக் கடை நடக்கிறது. வளர்ப்பதும் காயவைப்பதும் என் கை, காய்ச்சுவது உங்கள் கை என்று இருந்தது போய், இப்போது எல்லாம் நான்தான். பச்சை வாசனை போன பிறகு கொதி பார்த்துக் கஷாயத்தை இறக்க வேண்டும் என்பீர்களே, அந்தப் பதம் எனக்குப் பிடிபடவில்லை. அடுப்பை விட்டு நகராமல் நிற்கிறேன். பக்கத்துக் கடைத் தையல்காரம்மா பார்த்துவிட்டு, "அந்த அடுப்பையே முறைச்சிக்கிட்டு நிக்கிறியே, அவர் அதுக்குள்ளேருந்தா வரப்போறார்?" என்கிறாள்.

இருமல் என்று எழுதியிருந்தீர்கள். இத்துடன் இரண்டு பொட்டலம். துளசிப் பொடி வெந்நீரில் போட்டுக் குடிக்க. முருங்கைக்கீரைப் பொடி சூப்புக்கு. பத்து நாளில் இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள், என் பொட்டலத்தை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

உங்கள் இலைக்காரி

பிப்ரவரி 21

இலைக்காரிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? முதல் வரியிலேயே கேட்டாயிற்று, திருப்திதானே.

பொட்டலம் வந்தது. துளசியைப் பிரித்ததும் அறை முழுக்க மணம். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "என்னப்பா, தோட்டத்தையே பெயர்த்துக் கொண்டாந்துட்டியா?" என்று கேட்டார். கண்ணை மூடினேன், நம் மாடி தெரிந்தது. மூன்று நாள் குடித்தேன், இருமல் குறைந்துவிட்டது.

நான் சமைக்கும் விடுதியில் முந்நூறு பேர். என் கை பட்டால்தான் சாப்பாடு இறங்கும் என்கிறார்கள். அதனால் லீவு இப்போதைக்கு இல்லை. பதத்தைப் பற்றிக் கவலைப்படாதே, உனக்குத் தானாக வரும்.

உன்னவன்

மார்ச் 4

என்னங்க,

இந்தக் கடிதத்துக்கு அன்புள்ள கிடையாது.

நேற்று தையல்காரம்மா பொட்டலத்தோடு வந்து நின்றாள். "கீரை சூப்புக்குப் பொடி கேட்டா இருமல் மருந்தைக் குடுத்திருக்கே. வீட்ல ஒருத்தரும் வாயில வைக்கல." அன்றைக்கு அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்தேதான் கட்டினேன். பெயர்ச் சீட்டுகளை முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். அவளோடு பேசிக்கொண்டே மாற்றி ஒட்டியிருக்கிறேன். மிச்சம் இருந்த பொட்டலங்களைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். துளசி என்று எழுதியதெல்லாம் முருங்கை.

அப்படியென்றால் உங்கள் அறையை நிறைத்தது எந்த மணம்? முருங்கைப் பொடியின் வாசனைக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆள் எழுந்து உட்காருவாரா? நீங்கள் அதைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, எனக்குப் பிடித்த மாதிரி நாலு வரி எழுதிப் போட்டிருக்கிறீர்கள். அந்த நாலு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. அங்கே வேறு யாராவது உங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்களா? அப்படியானால் சொல்லிவிடுங்கள். தெரியாமல் காத்திருப்பதைவிடத் தெரிந்து அழுதுவிட்டுப் போகிறேன்.

இலைக்காரி

மார்ச் 22

இலைக்காரிக்கு,

இரண்டு வாரமாக இதை எழுதிக் கிழிக்கிறேன்.

யாரும் இல்லை. பொட்டலம் வந்த நிமிஷமே பிரித்தேன். பொடி மூக்கில் ஒட்டும் அளவுக்குப் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு வாசனை தெரியவில்லை. துளசி, முருங்கை, சாக்கடை எல்லாம் ஒன்றுதான். போன வருஷம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேனே, அதோடு போயிற்று. பக்கத்துக் கட்டில்காரர் நான் கட்டிவிட்ட கதை. அந்தக் கட்டிலில் ஆளே இல்லை.

கஷாயம் இரண்டு தரம் அடிபிடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்தது, மாசமாக இருந்த பெண்ணுக்குப் பூஞ்சை பிடித்த இலையைக் கட்டிக் கொடுத்தேன். அவளே முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். கடை நிறைய ஆள். "மூக்கை எங்க அடகு வெச்சீங்க?" என்று நீ கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பத்து நாளில் இங்கே வந்துவிட்டேன். இங்கே நான் சமைக்கவில்லை. வெங்காயம் உரிக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்காக ஓடி வந்தேன் என்று நினைக்காதே. பதினாறு வருஷமாக நீ பின்னால் வந்து நின்றால் திரும்பாமலே எனக்குத் தெரியும். கையில் கிள்ளிய இலையின் மணம் உனக்கு முன்னால் வந்துவிடும். காய்ச்சலுக்குப் பிறகு நீ தோளைத் தொடும்போதெல்லாம் திடுக்கிட்டேன். "என்ன, பேயைப் பார்த்த மாதிரி?" என்று கோபித்துக்கொண்டாய். உன் பக்கத்திலேயே இருந்துகொண்டு உனக்காக ஏங்கினேன். அதைவிடத் தூரத்தில் இருந்து ஏங்குவது சுலபம் என்று நினைத்தேன். அதுவும் சுலபமாக இல்லை.

இங்கே டாக்டரிடம் காட்டினேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். என்னை வரச் சொல்லாதே. வந்தால் நீ சும்மா இருக்கமாட்டாய். தினம் ஒரு இலையைக் கசக்கி மூக்குக்கு நேரே நீட்டுவாய். தெரியவில்லை என்றதும் உன் முகம் சுருங்கிப்போகும். அதைத் தினமும் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உன்னவன்

மார்ச் 29

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

படித்து முடித்ததும் நான் அழவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். துளசி, இஞ்சி, கற்பூரவல்லி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நாற்பது நாளில் உங்களைச் சரிபண்ணிவிடுவது என்று மனதுக்குள் திட்டம் ஓடுகிறது. தண்ணீர் கொதிக்கிறபோதுதான் உங்கள் கடைசி வரி உறைத்தது. அடுப்பை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

கடை நடுவில் அப்படிக் கேட்டதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். என் வாய் எனக்கு முன்னால் ஓடும், தெரிந்ததுதானே. ஆனால் நீங்கள் சிரித்ததை உண்மைச் சிரிப்பு என்று நம்பினேனே, அதுதான் ஆறவில்லை. தெருவில் போகிறவர் இருமினால் என்ன இருமல் என்று சொல்கிறவள், வீட்டில் இருந்த உங்களைப் பார்க்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் மூக்கையா நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்?

இத்தனை இலையை வைத்துக்கொண்டு உங்களுக்கு மட்டும் எதுவும் செய்யாமல் இருப்பது எனக்குக் கஷ்டம், பொய் சொல்லமாட்டேன். கை பரபரக்கும். இருந்தாலும் சத்தியமாகச் சொல்கிறேன், உங்களுக்காக எதையும் காய்ச்சமாட்டேன், எதையும் நீட்டமாட்டேன், கேட்கமாட்டேன். திரும்பினால் நீங்களாகச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால் போகட்டும். பின்னால் வரும்போது குரல் கொடுத்துக்கொண்டே வருகிறேன். என் குரலுக்கு என்ன பஞ்சம், தையல்காரம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

கடைக்கு நீங்கள் வேண்டும். பச்சை வாசனை போவது எனக்குத் தெரிகிறது, அதற்கு மேல் எத்தனை கொதி விடுவது என்று தெரியவில்லை. முகர்வதை நான் பார்த்துக்கொள்கிறேன், இறக்கச் சொல்வது நீங்கள். கடை இல்லாவிட்டாலும் எனக்கு நீங்கள் வேண்டும். இதை நேரில் ஒரு நாளும் சொல்லியிருக்கமாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் இலைக்காரி

ஏப்ரல் 8

இலைக்காரிக்கு,

வேலையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன்.

உன் கடிதம் வந்து நாலு நாள் யோசித்தேன். உன் சத்தியத்தை நம்புகிறேன். என்னைத்தான் நம்ப முடியவில்லை. எப்போது வெளியூர் போய்த் திரும்பினாலும், நம் தெருமுனையில் திரும்பியதுமே மாடியில் காய்கிற இலையெல்லாம் மணக்கும். வீடு வந்துவிட்டது என்று கால் தானாக வேகமெடுக்கும். இந்தத் தடவை அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் தெருவாக இருக்கும். அந்த இடத்தில் பெட்டியோடு நின்று, திரும்பிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் பஸ் நிலையத்துக்கு வராதே, வீட்டிலும் இருக்காதே. தெருமுனையில் வந்து நில். தையல்காரம்மா பார்க்கட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அங்கிருந்து வாசல்வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ.

உன்னவன்