பேரைக் கேளுங்க மிஸ்ஸி

மச்சான்,

இன்று காலை கமுந்திங்கில் ஒரு மருத்துவமனைக்கு வந்திறங்கிய புது மானிட்டர் பெட்டியைப் பிரித்தேன். பிளாஸ்டிக் வாசம் குப்பென்று அடித்தது. நீ இருந்திருந்தால் மூக்கை உள்ளே விட்டு இழுத்து, "புதுக் காரு வாசம்லா" என்றிருப்பாய்.

ஈப்போவில் முதல் வார்டை நாம் இணைத்தபோது மானிட்டர்கள் உன் பொறுப்பு, நெட்வொர்க் என் பொறுப்பு. நோயாளியின் நாடியும் மூச்சும் கிளவுடுக்குப் போக வேண்டும். மருத்துவர் எங்கிருந்தாலும் கைப்பேசியில் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பயலும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டினேன். தகவல் சங்கேதமாகத்தான் போகும், ஆளுக்கொரு கடவுச்சொல், அது போதாதென்று ஒவ்வொரு முறையும் கைப்பேசிக்கு வரும் எண் வேறு. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீயோ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய்.

அப்புறம் ஆறுமுகமும் முனியாண்டியும் வந்து சேர்ந்தார்கள். கோலா கங்சார் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்தை விற்று வீடுகள் எழும்பிய பிறகும் ஒரே தாமான் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீடு. வார்டிலும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. ஆறுமுகத்தின் முகத்தில் ஏர்கான் நேராக அடித்தது. முனியாண்டிக்குப் புழுக்கம். கழிவறைக்குப் போக ஒயரைக் கழற்றிய நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் படுக்கையை மாற்றிக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இதற்கெல்லாம் யாரிடம் கேட்க வேண்டும்? வார்டில் அந்தந்தப் படுக்கையில் இருந்தவருக்கு ஒயரை மாட்டிவிட்டார்கள். மானிட்டரில் பழைய பேரே இருந்தது; முனியாண்டியின் நாடி ஆறுமுகத்தின் பேரில் மேலே கிளவுடுக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் மருத்துவர் வெளியிலிருந்து அழைத்தார். ஆறுமுகத்துக்கு நாடி இறங்குகிறது, உடனே ஊசி போடுங்கள் என்றார். ஆளை முகம் பார்த்தே அறிந்த நர்ஸ் மிஸ்ஸி ஊசியோடு ஆறுமுகத்திடம் ஓடினார். ஆறுமுகம் மைலோ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறொரு மானிட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நீ அவரைப் பார்த்தாய், வியர்த்துக் கிடந்த முனியாண்டியைப் பார்த்தாய், குறுக்கே கையை நீட்டி முனியாண்டியைக் காட்டினாய்.

"போடாதீங்க மிஸ்ஸி. அந்த நாடி இவருதுலா."

முனியாண்டி பிழைத்தார். வீட்டுக்குப் போகும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏர்கானைப் பற்றித்தான் குறை சொன்னார்.

கேண்டீனில் தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டே நீ கேட்டாய்: "பூட்டு நல்ல பூட்டுதான் மச்சான். உள்ள இருக்கறது யாருன்னு கேட்டியா?" எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கேட்டது நியாயம், அதனால்தான் அந்தக் கோபம். அன்றே இருவரும் உட்கார்ந்து புது விதி எழுதினோம். கையில் கட்டிய பெயர்ப்பட்டையை ஸ்கேன் செய்து, பேரையும் அப்பா பேரையும் நோயாளி வாயாலேயே கேட்ட பிறகுதான் எதுவும் மேலே போகும். ஒயரைக் கழற்றினால் மறுபடியும் கேட்க வேண்டும். வார்டே முணுமுணுத்தது. நீ மசியவில்லை.

பிறகு அதே வார்டில் நீயே நோயாளியாக வந்து படுத்தாய். மிஸ்ஸிக்கு உன்னைத் தெரியாதா? சிரித்துக்கொண்டே ஒயரை மாட்ட வந்தார். நீ இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டாய். "பேரைக் கேளுங்க மிஸ்ஸி." அவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் உன் பேரையும் அப்பா பேரையும் சொன்னாய். நான் சிரித்தேன். வெளியே வந்து அழுதேன்.

உன் நாடியைத் திரையில் பார்க்க எனக்கு அனுமதியில்லை. பூட்டியவன் நான், திறக்கவும் தெரியும். திறக்கவில்லை மச்சான். ஒவ்வொரு நாளும் படியேறி வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி நாளும் அப்படித்தான்.

இன்று இங்கே முதல் சோதனைக்கு நானே சட்டையைக் கழற்றிப் படுத்தேன். புது மிஸ்ஸி ஒயரோடு குனிந்தார். என் கைகள் தாமாக நெஞ்சுக்குப் போயின.

"பேரைக் கேளுங்க மிஸ்ஸி."

"காலையிலேர்ந்து ஒண்ணாதானே வேலை பாக்கறோம், உங்க பேரு தெரியாதாண்ணே?"

"தெரிஞ்சாலும் கேளுங்க."

கேட்டார். என் பேரையும் அப்பா பேரையும் சொன்னேன். பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது.